140 வாட்டில் 5070 டிஐ, 110 வாட்டில் 5080: எந்த மடிக்கணினியை வாங்குவது?

நூலிழை:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியை வைத்துக் காலம் தள்ளிவிட்டேன். அதிலுள்ள ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் அட்டையின் 6 ஜிபி நினைவகம் இனிமேல் எனக்குப் போதாது. இரவில் இரண்டு மணி நேரம் கேம் விளையாடுவேன். வார இறுதியில் பிளெண்டர் மென்பொருளில் ஆடைகளை முப்பரிமாணத்தில் உருவாக்கி, அவற்றை முழுப் படமாக ரெண்டர் செய்வேன். சனிக்கிழமை மாலை கரூருக்குப் போகும்போது கணினியும் என்னுடன் வர வேண்டும் என்பதால், மேசைக்கணினி வாங்கும்படி யாரும் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கோவையில் ஒரு கடையில் மூன்று கணினிகளைக் காட்டினார்கள். மூன்றிலும் திரை 2560×1600. முதலாவதில் 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5070 இருக்கிறது, விலை 1,62,000 ரூபாய். இரண்டாவது, 12 ஜிபி கொண்ட 5070 டிஐ. தடித்த உடல், எடை 2.7 கிலோ, விலை 2,24,000 ரூபாய். மூன்றாவது, 16 ஜிபி கொண்ட 5080. மெலிதாக அழகாக இருக்கிறது, இரண்டு கிலோவுக்கும் குறைவு, விலை 2,89,000 ரூபாய். என் கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது, மிச்சத்தைத் தவணையில் கட்ட முடியும். "எண் பெரிதாக இருந்தால் அட்டை நல்லது, கண்ணை மூடிக்கொண்டு 5080 எடுங்கள்" என்று கடையில் சொன்னார்கள். இவ்வளவு பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெப்பமானி:

வணக்கம் சகோதரி. சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக மடிக்கணினி பழுது பார்க்கிறேன். விலை, எடை, நினைவகம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் மிக முக்கியமான எண்ணைக் கடையில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு கணினியிலும் அந்த அட்டைக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்பதுதான் அது.

மடிக்கணினிக்கான 5080 என்பது ஒரே ஒரு பொருள் அல்ல. இந்த அட்டைகளை உருவாக்கும் என்விடியா தன் அட்டவணையிலேயே 5080 அட்டைக்கு 80 முதல் 150 வாட் வரை, 5070 டிஐ அட்டைக்கு 60 முதல் 115 வாட் வரை, 5070 அட்டைக்கு 50 முதல் 100 வாட் வரை என்று அகலமான எல்லையைத்தான் கொடுக்கிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிறுத்துவது என்பதைக் கணினியைத் தயாரிக்கும் நிறுவனம், தன் உடலின் பருமனையும் விசிறிகளின் திறனையும் பார்த்து முடிவு செய்கிறது. இதற்கு மேல், விளையாடும்போது பிராசசர் பயன்படுத்தாத மின்சாரத்தை அட்டைக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் என்ற ஏற்பாட்டின் வழியாக 25 வாட் வரை கூடுதலாகக் கிடைக்கலாம். ஆகவே 80 வாட்டில் ஓடும் 5080 அட்டையும் 175 வாட்டில் ஓடும் 5080 அட்டையும் ஒரே பெயரில், ஒரே ஸ்டிக்கருடன், ஒரே கடையின் ஒரே மேசையில் இருக்க முடியும்.

முன்பு இதைக் கண்டுபிடிப்பது எளிது. 2017 முதல், குறைந்த மின்சாரத்தில் ஓடும் அட்டைகளின் பெயருக்குப் பின்னால் மேக்ஸ்-கியூ என்ற ஒட்டு இருந்தது. 2021இல் 30 வரிசை வந்தபோது பெயரிலிருந்து அந்த ஒட்டு போய்விட்டது; அதற்குப் பதிலாக வாட் அளவை விவரப் பக்கத்தில் வெளியிடும்படி தயாரிப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் வெளியிடவும் செய்கிறார்கள். ஆனால் பெட்டியின் மீதும் விசைப்பலகைக்குப் பக்கத்திலுள்ள ஸ்டிக்கரிலும் பெயர் மட்டும்தான் இருக்கும்.

நானே இதில் ஒருமுறை தவறியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கா மகனுக்காக 4080 பெயர் தாங்கிய ஒரு மெலிந்த கணினியை, தள்ளுபடி முடியும் நாளன்று அவசரமாக வாங்கினேன். வீட்டில், அட்டை எடுக்கும் வாட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓட விட்டபோது, அட்டை எண்பத்தைந்து வாட்டைத் தாண்டவே இல்லை. அதே அட்டைக்கு 150 வாட் கொடுக்கும் கணினி அன்றைக்குப் பதினைந்தாயிரம்தான் கூடுதலாக இருந்தது. பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் நானே விவரப் பக்கத்தைக் கடைசிவரை படிக்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் மறுபடியும் கடைக்குப் போய், மூன்றுக்கும் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று கேட்டு வாருங்கள்.

கடைசிவரிசை:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் வாட் மட்டுமே எல்லாமும் ஆகிவிடாது என்று நினைக்கிறேன். மடிக்கணினியின் 5080 அட்டையில் கியூடா கோர்கள் எனப்படும் கணக்கிடும் சிறு அலகுகள் 7680 இருக்கின்றன, 5070 டிஐ அட்டையில் 5888. கோர்கள் அதிகமுள்ள அட்டையைக் குறைந்த வேகத்தில், குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டினால், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலை அதிகம். அதனால் குறைந்த வாட்டில் ஓடும் 5080, கூடுதல் வாட்டில் ஓடும் 5070 டிஐ அட்டைக்குப் பின்தங்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. நினைவகப் பாதையும் 5080இல் 256 பிட், 5070 டிஐயில் 192 பிட்தான். இதோடு 16 ஜிபி நினைவகமும் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம். பணம் புரட்ட முடியுமானால் 5080 எடுக்கச் சொல்வேன்.

வெப்பமானி:

தம்பி, நீங்கள் சொல்லும் கணக்கு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. கடைசி முப்பது நாற்பது வாட்டில் கிடைக்கும் பலன், முதல் எண்பது வாட்டில் கிடைப்பதைவிட மிகவும் குறைவு. 4060, 4070 அட்டைகளில் நூறு வாட்டுக்கு மேல் கொடுத்தும் பெரும்பாலான கேம்களில் அவை அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதை அளந்தும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கணக்கில் அந்த மெலிந்த உடலும் சேர வேண்டும். விவரப் பக்கத்தில் 110 வாட் என்று எழுதியிருந்தால், அது முதல் ஐந்து நிமிடத்துக்கான வாக்குறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை 110 வாட்டையும் பிராசசர் 50 வாட்டையும் சூடாக மாற்றும்போது, அந்த 160 வாட் சூட்டையும் இரண்டு கிலோகூட இல்லாத ஒரு கணினி வெளியே தள்ளியாக வேண்டும். சென்னையில் மே மாதப் பிற்பகலில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் காற்றே 36 டிகிரியில் இருக்கும்போது, ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றும் அதே 36 டிகிரிதான். குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் எடுத்த பரிசோதனை எண்களை நம் ஊர் வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அந்தப் பன்னிரண்டு டிகிரியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தடித்த உடலில் அதைத் தாங்க இடம் இருக்கிறது. மெலிந்த உடலில் முதலில் விசிறி அலறும், பிறகு அட்டை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சகோதரிக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் 65,000 ரூபாய். அதில் 39,000 ரூபாய் அவர் கையிலிருக்கும் பணத்தைத் தாண்டி, தவணையில் கட்ட வேண்டிய தொகை என்பதையும் மறக்க வேண்டாம்.

மலையோரம்:

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வெப்பம் ஒரு சிக்கலே இல்லை என்பதால் அந்தப் பேச்சை வெப்பமானி ஐயாவிடமே விட்டுவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக அனிமேஷன் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் நினைவகம் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர் விஷயம். மடிக்கணினி அட்டையின் பெயரை மேசைக்கணினி அட்டையின் பெயரோடு ஒப்பிடவே கூடாது. மேசைக்கணினியின் 5090 அட்டையில் 21,760 கோர்கள், 32 ஜிபி நினைவகம். அது 575 வாட் வரை எடுக்கும். மடிக்கணினியின் 5090 அட்டையில் 10,496 கோர்கள், 24 ஜிபிதான். அதற்குள் இருக்கும் சில்லு, மேசைக்கணினியின் 5080 அட்டையில் இருக்கும் ஜிபி203 என்ற பெயருள்ள அதே சில்லு. இப்படியே ஒவ்வொரு படியும் கீழே இறங்குகிறது. மடிக்கணினியின் 5070 அட்டையில் 4608 கோர்கள், 8 ஜிபி. மேசைக்கணினியில் 5060 டிஐ என்று விற்கப்படும் அட்டையிலும் அதே 4608 கோர்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: சென்ற தலைமுறை மடிக்கணினியின் 4070 அட்டையிலும் 4608 கோர்கள், 8 ஜிபிதான் இருந்தன. நினைவகம் ஜிடிடிஆர்6இலிருந்து ஜிடிடிஆர்7 ஆகி வேகம் கூடியிருக்கிறது, ஆனால் கொள்ளளவு அப்படியே நிற்கிறது. பெயரில் 70 இருப்பதால் அது நடுத்தரத்துக்கு மேற்பட்ட அட்டை என்று நினைத்து வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது உங்கள் ரெண்டர் வேலைக்கு வருகிறேன். ஒரு துணிக்கு 4096×4096 அளவில் நிறம், சொரசொரப்பு, நார்மல், உயரம் என்று நான்கு டெக்ஸ்சர் படங்கள் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கொள்வோம். வட்டில் அவை ஜேபெக் கோப்புகளாகச் சில எம்பி மட்டுமே இருக்கலாம். ஆனால் பிளெண்டரில் படத்தை வரையும் சைக்கிள்ஸ் ரெண்டரர் அவற்றை விரித்து, ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் அட்டையின் நினைவகத்தில் ஏற்றும்போது, ஒரு படம் 64 எம்பி ஆகிவிடும். நான்கு படங்களுக்கு 256 எம்பி. ஒரு காட்சியில் பத்துத் துணிகள் தொங்கினால் டெக்ஸ்சருக்கு மட்டும் 2.5 ஜிபி போய்விடும். அதற்கு மேல் மாதிரியுருவத்தின் முக்கோணங்கள், பின்னலாடையில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சிழைகளைக் காட்ட நீங்கள் சேர்க்கும் ஆயிரக்கணக்கான முடிகள், ஒளி எங்கே படுகிறது என்று தேடுவதற்கான கட்டமைப்பு, கடைசியில் இரைச்சல் நீக்கி எல்லாமே அதே நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். விண்டோஸும் திரையும் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ரேமுக்கு வழியும். வேலை நின்றுவிடாது, ஆனால் வேகம் படுத்துவிடும்.

ஆகவே 8 ஜிபி கொண்ட 5070 அட்டையை உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடச் சொல்வேன். விளையாட்டுக்கும் அதே நிலைதான். 2025 மே மாதம் வெளிவந்த டூம்: த டார்க் ஏஜஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் திறனும் 8 ஜிபி நினைவகமும் உள்ள அட்டை. இன்றைக்குக் குறைந்தபட்சமாக இருப்பதை வாங்கி, அதை ஐந்து ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பது சரியாக வராது.

12 ஜிபியா, 16 ஜிபியா என்று கேட்டால், ரெண்டர் வேலை உங்கள் வயிற்றுப்பாடாக இருந்தால் 16 என்பேன். வார இறுதி வேலை என்பதால் 12 போதும். சில காட்சிகளில் டெக்ஸ்சரை 2048 அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பக்கத்தைப் பாதியாகக் குறைப்பதால் ஒரு படம் 16 எம்பியில் அடங்கிவிடும், கேமரா தூரத்தில் இருக்கும்போது கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

வெண்பலகை:

சென்ற தலைமுறையின் 4090 மடிக்கணினி எங்கேனும் கிடைக்குமா என்று பார்க்கலாமே? அதில் 9728 கோர்களும் 16 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. கையிருப்பைத் தீர்க்கும் விலைக்குச் சிலர் விற்கிறார்கள். என் நண்பர் ஒருவரும் பயன்படுத்திய கணினியை விற்கத் தயாராக இருக்கிறார்.

வெப்பமானி:

புதிதாக, முழு உத்தரவாதத்தோடு, 2,40,000 ரூபாய்க்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அது 5070 டிஐ அட்டையைவிட வலிமையானது. பயன்படுத்தியதை வேண்டாம் என்பேன். மேசைக்கணினியில் அட்டை போனால் அட்டையை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் அட்டை என்று நாம் சொல்வது மதர்போர்டிலேயே சோல்டர் செய்யப்பட்ட ஒரு சில்லு. அது போனால் போர்டையே மாற்ற வேண்டும். உயர்ரகக் கணினிகளில் போர்டின் விலையைக் கேட்டதும் வாடிக்கையாளர் சிறிது நேரம் பேசாமல் நிற்பதை நான் மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். சூடாக்கி ரீபால் செய்து, அதாவது சில்லின் அடியிலுள்ள சோல்டர் உருண்டைகளை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. சில மாதங்களில் அதே கணினி திரும்பி வந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொரு முடிவும் கிடைக்கிறது. தடித்த உடல் கொண்ட பெரும்பாலான கணினிகளில் ரேமையும் எஸ்எஸ்டியையும் பின்னால் கூட்டிக்கொள்ள முடியும், அட்டையை ஒருபோதும் முடியாது. ஆகவே 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி என்று குறைவாக வாங்கி, மிச்சமாகும் பணத்தை அட்டையில் போடுவதுதான் சரியான வழி. மெலிந்த கணினிகள் பலவற்றில் ரேமும் போர்டோடு சோல்டர் செய்யப்பட்டிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலிழை:

நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன். வாட் என்று கேட்டதும் விற்பனையாளருக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் முகம் சுளிக்காமல் தன் கைப்பேசியிலேயே தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் திறந்து, கீழே கீழே உருட்டி, இருவரும் சேர்ந்து தேடினோம். மெலிந்த 5080 கணினிக்கு 95 வாட்டும், டைனமிக் பூஸ்ட் 15 வாட்டும் சேர்த்து 110. தடித்த 5070 டிஐ கணினிக்கு 115 வாட்டும் 25 வாட்டும் சேர்த்து 140. அடாப்டரையும் காட்டச் சொன்னேன்; 5070 டிஐ கணினியோடு வருவது 330 வாட் அடாப்டர், செங்கல் அளவுக்கு இருக்கிறது. மெலிந்த கணினியில் ரேம் போர்டோடுதான் இருக்கிறது, பின்னால் கூட்ட முடியாது. 4090 அந்தக் கடையில் இல்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. 50 வரிசையில் ஒரு பிரேமுக்கு மூன்று பிரேம்களை அட்டையே உருவாக்கிக் கொடுக்கும் என்று சொல்கிறார்கள்; அப்படியானால் அட்டையின் சொந்த வலிமை பற்றி நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? இரண்டாவது, மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒருவர் சொன்னார், அது எதற்கு?

கடைசிவரிசை:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் ஒரு வருடத்துக்கு முன் இதே நம்பிக்கையில்தான் நானும் இருந்தேன்.

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் 50 வரிசையை அறிமுகப்படுத்தியபோது, 549 டாலர் விலையுள்ள மேசைக்கணினி 5070, 4090 அட்டைக்கு இணையான செயல்திறனைத் தரும் என்று ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4 மல்ட்டி பிரேம் ஜெனரேஷனைக் கணக்கில் கொண்டது. அட்டை உண்மையாகக் கணக்கிட்டு வரையும் இரண்டு பிரேம்களுக்கு நடுவில், மூன்று பிரேம்களை அது யூகித்து நிரப்புகிறது. திரையில் ஓட்டம் வழவழப்பாகத் தெரியும், அதில் பொய்யில்லை. ஆனால் நீங்கள் மௌஸை அசைத்ததும் கேம் அதற்கு எதிர்வினை காட்டுவது உண்மையான பிரேம்களில் மட்டும்தான். சொந்த வலிமையில் 30 பிரேம் மட்டுமே வரையும் அட்டை 120 என்று எண் காட்டினாலும், கைக்கு அது 30 போலவே, சில நேரம் அதைவிடக் கனமாகவே இருக்கும். சைபர்பங்க் 2077 கேமில், ரே டிரேசிங்கின் மிகக் கனமான வடிவமான பாத் டிரேசிங்கை முழுதாக வைத்து இதை நான் அனுபவித்தேன். கார் ஓட்டும்போது தெரியவில்லை, துப்பாக்கியைக் குறிவைக்கும்போது தேனுக்குள் கையை விட்டு அசைப்பது போல் இருந்தது. சொந்தமாக 60 பிரேமாவது வந்தால் அதன் மேல் இந்த வசதியைப் போட்டுக்கொள்வது நன்றாக இருக்கிறது. கூடவே, பிரேம் ஜெனரேஷனுக்கும் அட்டையின் நினைவகத்தில் இடம் வேண்டும் என்பதால், 8 ஜிபி அட்டைகளில் அது சில கேம்களில் இருக்கிற சிக்கலைக் கூட்டிவிடுகிறது.

மாறாக, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் சூப்பர் ரெசல்யூஷனைத் தாராளமாக நம்பலாம். உங்கள் 2560×1600 திரையில் ஏறத்தாழ 41 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. முழு எச்டி திரையின் 20.7 லட்சத்தோடு ஒப்பிட்டால் இரு மடங்கு வேலை. குவாலிட்டி நிலையில் வைத்தால் அட்டை அந்தப் பளுவில் பாதிக்கும் குறைவாகவே சுமக்கிறது, படமும் கெடுவதில்லை. இந்தத் திரைக்கு 5070 டிஐ பொருத்தமான அட்டை. 4கே திரை கொண்ட கணினியாக இருந்திருந்தால் 83 லட்சம் புள்ளிகளுக்கு நான் 5080 பக்கமே நின்றிருப்பேன். 110, 140 என்ற எண்களையும், ரேம் கூட்ட முடியாது என்பதையும் பார்த்த பிறகு, முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

வெப்பமானி:

மக்ஸ் சுவிட்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது இல்லாத கணினியில், பெரிய அட்டை வரைந்த படம் பிராசசரோடு சேர்ந்திருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும்; அதில் பிரேம்கள் கொஞ்சம் வீணாகும். சுவிட்ச் இருந்தால் அட்டையைத் திரையோடு நேராக இணைக்கலாம். அட்வான்ஸ்டு ஆப்டிமஸ் இருந்தால் அந்த மாற்றம் தானாகவே நடக்கும். இந்த விலையில் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கரூருக்குப் போகும் ரயிலில் படம் பார்க்கும்போது சிறிய கிராஃபிக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பேட்டரி நீடிக்கும். பேட்டரியில் கேம் விளையாட முடியும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிய நொடியே அட்டைக்குப் போகும் மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்தடையின்போதும் அதே நிலைதான்.

ஆனால் நீங்கள் திருப்பூர் என்று எழுதியதிலிருந்து என் மனத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது. சென்ற ஆண்டு உங்கள் ஊரிலிருந்து ஒரு கணினி என் மேசைக்கு வந்தது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கேம் திறந்து பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, அட்டை போய்விட்டது என்று பயந்துபோய் அனுப்பியிருந்தார்கள். அடிமூடியைக் கழற்றினேன். விசிறி சுத்தமாகத்தான் தெரிந்தது. விசிறியைத் தூக்கியபோதுதான், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துணியைக் கத்தரித்து ஒட்டியது போல ஒரு படலம் இருந்தது. சாமணத்தால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்; கிழியாமல் முழுதாக, ஒரு விரல் அகலத்துக்கு, லேசான நீல நிறத்தில் கையோடு வந்துவிட்டது. சாயமிட்ட துணியின் பஞ்சு. தகடுகளுக்குள் ஒரு சொட்டுக் காற்றுகூடப் போக வழியில்லாமல் அந்த அட்டை எத்தனை வாரம் ஓடியதோ தெரியவில்லை. படலத்தை எடுத்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றி மூடினேன். அட்டையின் வெப்பம் 87 டிகிரியிலிருந்து 74 டிகிரிக்கு இறங்கியது. அட்டைக்கு எந்தக் கேடும் வந்திருக்கவில்லை.

ஆகவே மடிக்கணினியைத் தையல் பிரிவுக்குப் பக்கத்தில் திறக்கவே திறக்காதீர்கள். உங்கள் உடையிலேயே பஞ்சு வீட்டுக்கு வரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திறப்பதற்கு எளிதான உடலா என்பதும் அட்டையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் மூச்சு முட்டும் 5080 அட்டையைவிடச் சுத்தமான காற்று கிடைக்கும் 5070 டிஐ அட்டை கூடுதல் நாள் உழைக்கும்.

மலையோரம்:

ஐயா சொன்ன நீலப் படலத்தைப் படித்த பிறகு, எங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. சகோதரி, வாங்கிய முதல் நாளே ஒரு சோதனை செய்துவிடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் எவ்வளவு என்று பாருங்கள். விவரப் பக்கத்தில் சொன்ன எண் அங்கே இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் பேச வேண்டும்.

நூலிழை:

எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 5070 டிஐ கணினியைத்தான் வாங்கினேன். 32 ஜிபி ரேம் கொண்டதை எடுக்காமல் 16 ஜிபி எடுத்ததால் 2,24,000 ரூபாயிலேயே முடிந்தது. தவணை எதுவும் இல்லை. மூடியை நாமே திறந்து தூசி எடுப்பதால் உத்தரவாதம் போகாது என்பதை விற்பனையாளரிடம் மின்னஞ்சலில் வாங்கிவிட்டேன்.

முதல் நாளே கண்ட்ரோல் பேனலில் பார்த்தேன்: 140 வாட். அன்று இரவு அறையில் 33 டிகிரி. மேசையில் கணினியின் பின்பக்கத்தை ஒரு பழைய வடிவமைப்புப் புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, எச்டபிள்யூஇன்ஃபோவை ஓரத்தில் ஓட விட்டு, நாற்பது நிமிடம் விளையாடினேன். தொடக்கத்தில் 138 வாட் காட்டியது, இருபதாவது நிமிடத்திலிருந்து 130 வாட்டில் நிலைகொண்டது, வெப்பம் 80 டிகிரியைத் தாண்டவில்லை. விசிறிச் சத்தம் பக்கத்து அறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. மிக்சி ஓடுகிறதா என்று கேட்டார்கள். பிரேமை 75இல் கட்டுப்படுத்தியதும் 85 வாட்டிலேயே அதே கேம் ஓடியது, சத்தமும் அடங்கிவிட்டது. இப்போது இரவில் அப்படியே வைத்திருக்கிறேன்.

பிளெண்டரில், பழைய கணினி பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்ட ஒரு ஹூடி காட்சி நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. மலையோரம் அவர்கள் சொன்னபடி நினைவகத்தைக் கவனித்தேன்: 9.3 ஜிபி. 8 ஜிபி அட்டையை வாங்கியிருந்தால் இந்த ஒரு காட்சிக்கே வழிந்திருக்கும். பின்னால் தொங்கும் துணிகளின் டெக்ஸ்சரை 2048 அளவுக்குக் குறைத்தபோது 7.6 ஆனது, படத்தில் எந்த மாற்றமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு குறை, எடைதான். கணினி 2.7 கிலோ, அடாப்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கரூர் நிலையத்தில் படியேறும்போது தோளில் தெரிகிறது. அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன்: ஊரில் ரெண்டர் செய்வதில்லை என்பதால் 100 வாட் டைப்-சி சார்ஜரை மட்டும் எடுத்துப் போகிறேன், பெரிய அடாப்டர் திருப்பூரிலேயே கிடக்கிறது.

வெப்பமானி ஐயா, மூடியைத் திறக்க மூன்றாம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும்: விசிறியைச் சுத்தம் செய்யும்போது அதைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். எங்கள் நிறுவனத்தில் தையல் எந்திரங்களுக்குப் பயன்படுத்தும் காற்றுக் குழாயால் ஊதலாமா?

வெப்பமானி:

அந்தக் குழாயால் ஊத வேண்டாம் சகோதரி. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பசையும் இருக்கும், வேகமும் அளவுக்கு மீறியது. கையால் அழுத்தும் ரப்பர் ஊதியும் மென்மையான பெயிண்ட் பிரஷும் போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொள்வது சரிதான், ஊதும் வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் தேய்ந்துவிடும். திறக்கும் முன் கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிடுங்கள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவிலுள்ள இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். படலம் கண்டால் ஊத வேண்டாம், சாமணத்தால் இழுத்து எடுங்கள். படம் எடுத்து இங்கே இடுங்கள், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த முறை எப்போது திறக்கலாம் என்று சொல்கிறேன்.